பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுப்போம்

எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் றோசா பார்க்ஸ் பற்றிப் படிக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் அவருக்கு ஒன்பது மாதங்கள் முன்னரே, 1955 மார்ச் 2 ஆம் திகதி, அதே மொன்ற்கொமறி நகரில் குளோடெற் கொல்வின் என்ற 15 வயது மாணவி, பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழும்ப மறுத்துக் கைதானார். அதற்குச் சற்று முன்னர்தான் அவரது வகுப்பில் கறுப்பின மக்களின் வரலாறு படிப்பித்திருந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறரையும் தப்புவித்த ஹரியற் ரப்மன் தனது தோளை அழுத்தி இருத்தியது போலிருந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். வகுப்பில் படித்த பாடம் பஸ்ஸில் துணைக்கு வந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 5 தொடக்கம் 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ்களைப் புறக்கணித்தார்கள். வேலைக்கு நடந்தே போனவர்களிற் பலர் வீட்டுவேலை செய்த பெண்கள். எங்களைப் போல் நாட்சம்பளத்தை நம்பியவர்கள். கொல்வின் உட்பட நான்கு பெண்களின் வழக்கிலேயே, பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரித்திருத்துவது சட்டவிரோதம் என 1956 இல் தீர்ப்பானது.

தோல் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகளும் அழுதுகொண்டு வருகிறார்கள். “பேசாமல் இரு” என்றே சொல்லி அனுப்புகிறோம். இரவு வேலையால் களைத்து வந்தாலும், இனிமேல் இந்த மாணவியின் கதையையும் சொல்லி அனுப்புவோம்.