வலிக்கு இழப்பீடு உண்டா?

ஹிதாயா ஓதியவர்கள் இந்த மஸ்அலாவை மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் இன்னொருவரின் தலையில் காயப்படுத்துகிறார். காயம் ஆறித் தழும்பின்றி முடியும் முளைத்துவிடுகிறது. இப்போது இழப்பீடு உண்டா? வடு நீங்கியதால் இல்லை என்கிறார் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). மருத்துவச் செலவு உண்டு என்கிறார் இமாம் முஹம்மத் (ரஹ்). இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களோ, வடு நீங்கினாலும் பட்ட வலி நீங்கவில்லையே என்று, அந்த வலிக்கே இழப்பீடு உண்டு என்றார்கள்.

ஏறத்தாழ இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 1983 அக்டோபர் 30 அதிகாலை. லூசியானா மாநிலத்தின் அங்கோலா சிறையில், காவலர் ஒருவருடன் வாக்குவாதம் செய்த கைதிக்குக் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி வேறு அறைக்கு நடத்திச் சென்றனர். வழியில் ஒரு காவலர் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து உதைக்க, மற்றவர் முகத்திலும் வயிற்றிலும் குத்தினார். பார்த்துக்கொண்டிருந்த மேலதிகாரி, விளையாட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட ஏதோ சொன்னாராம். அடித்த கைகளைவிட அந்தச் சொல்லே நம்மை அதிகம் உறுத்துகிறது.

உதடு வீங்கியது, பற்கள் ஆடின, பல்செட் விரிசல் கண்டது. கைதி வழக்கிட்டார். விசாரணை நீதிமன்றம் 800 டாலர் வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, தேவையற்ற பலம் பயன்படுத்தப்பட்டதை ஒப்புக்கொண்டும், காயங்கள் சிறியவை எனத் தீர்ப்பை மாற்றியது.

‘ஹட்சன் எதிர் மக்மில்லியன்’ எனப்படும் இவ்வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம், இருவர் மாறுபட, ஏழு நீதிபதிகளின் முடிவாகக் கைதிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர். கொடூரத் தண்டனையைத் தடுக்கும் எட்டாம் திருத்தத்தின் கீழ்க் கேட்க வேண்டியது, பலம் ஒழுங்கை நிலைநாட்டும் நல்லெண்ணத்தில் பயன்பட்டதா, துன்புறுத்தும் தீய நோக்கிலா என்பதே. காயத்தின் அளவு அதற்கு ஒரு சான்று, நிபந்தனையன்று. இல்லையேல் தழும்பு விழாத சித்திரவதை அனைத்தும் சட்டப்படி ஆகுமானதாகிவிடும். அதற்காக, காவலர் கை பட்டதெல்லாம் வழக்காகிவிடாது என்பதையும் நீதிமன்றம் சொல்லத் தவறவில்லை.

வலியைக் கணக்கில் கொண்ட அந்த இமாம்தான், கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில் கைதிகளுக்காகவும் பேசியவர். சங்கிலியோடு அவர்கள் பிச்சைக்கு அனுப்பப்படுவதை நிறுத்தச் சொன்னார்; உணவும் பருவத்திற்கேற்ற உடையும் கேட்டார்; அதிகாரிகள் வரம்பு மீறி அடிப்பதைக் கண்டித்தார்.

அமெரிக்காவில் காயத்தின் கணக்கு 1996இல் வேறு வாசல் வழியே திரும்பி வந்தது. சிறைக்குள்ளேயே முறையிடும் வழிகளை முடித்த பிறகே வழக்கிட முடியும், உடற்காயம் காட்டாதவர் மன வேதனைக்கு மட்டும் இழப்பீடு கோர பொதுவாக இயலாது என்று ஒரு சட்டம் வகுத்தது. 1992இன் தீர்ப்பையும் கீழ் நீதிமன்றங்கள் சில மறந்தன. வட கரோலினா கைதி ஒருவரின் மனு காயம் அற்பமானது எனத் தள்ளப்பட்டபோது, 2010இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்து, பழைய தீர்ப்பையே மீண்டும் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.