மாடஸ்டி பிளைசி: நாயகிக்காகக் கோட்டை மாற்றிய ஓவியர்

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு 'இளவரசி'யாக அறிமுகமான மாடஸ்டி பிளைசி, சிவகாசியிலிருந்து 1984-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே நாயகியாக இடம்பெற்றவர். 'கத்தி முனையில் மாடஸ்டி' என்பது அந்த இதழின் தலைப்பு. பறக்கும் ஆற்றலோ மாயசக்தியோ இல்லாத இந்த சாகச நாயகிக்கு உருவம் கொடுத்தவர் பிரிட்டன் ஓவியர் ஜிம் ஹோல்டவே. அவளை வரைந்த ஆண்டுகளில் அவரது ஓவிய பாணியே மாறியது.

நகைச்சுவையில் தொடக்கம்

எழுத்தாளர் பீட்டர் ஓ'டோனலும் ஹோல்டவேயும் முதலில் இணைந்து பணியாற்றியது 'ரோமியோ பிரவுன்' என்ற நாளிதழ்த் தொடரில். தடுமாறும் துப்பறிவாளர் ஒருவரைப் பற்றிய நகைச்சுவைக் கதை அது. அதில் ஹோல்டவேயின் கோடுகள் மெல்லியவை, துள்ளலானவை. பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் கவர்ச்சிக்கும் சிரிப்புக்குமே பயன்பட்டன. 1962-இல் அத்தொடர் முடிவடைந்தது.

மாடஸ்டிக்கு முதலில் சோதனை ஓவியங்கள் வரைந்தவர் 'டான் டேர்' புகழ் ஃபிராங்க் ஹாம்ப்சன். அவை தமது கற்பனைக்குப் பொருந்தவில்லை என ஓ'டோனல் கருதியதால் வாய்ப்பு ஹோல்டவேயிடம் வந்தது. 1963 மே 13 அன்று லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் தொடர் தொடங்கியது.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது?

அகதிச் சிறுமியாக அலைந்து, குற்றக் கும்பலொன்றின் தலைவியாகி, பின்னர் அதைத் துறந்தவள் மாடஸ்டி. தோழன் வில்லி கார்வின் அவளிடமிருந்தே கட்டளை பெறுகிறான். இப்படிப்பட்டவளைப் பழைய விளையாட்டுக் கோட்டில் வரைந்திருந்தால், அவள் எதிர்கொள்ளும் ஆபத்தை வாசகர் நம்பியிருக்க மாட்டார். தலைமையும் வேடிக்கையாகவே தோன்றியிருக்கும்.

எனவே ஹோல்டவே அடர்ந்த கருமையையும் நுண்ணிய குறுக்குக் கோடுகளையும் நாடினார். முகத்தில் பாதி நிழலில் மறைந்தது. அறை, தெரு, துறைமுகம் என ஒவ்வொரு பின்னணியும் உண்மையான இடமாகத் தெரிந்தது. திரைப்படத்தைப் போல நெருக்கக் காட்சியும் தொலைவுக் காட்சியும் மாறி மாறி வந்தன. சண்டைக் காட்சிகளில் உடலின் எடையும் சமநிலையும் துல்லியமாயின. ஆயினும் பழைய தொடரில் பழகிய உயிரோட்டத்தை அவர் கைவிடவில்லை. நிழலுக்கு நடுவிலும் மாடஸ்டியின் உடலசைவு இயல்பாக இருப்பதற்கு அதுவே காரணம்.

நாளிதழ்த் தொடரின் கட்டுப்பாடும் இதற்கு உதவியது. நாளொன்றுக்குச் சில கட்டங்களே கிடைக்கும். நேற்றைய நிகழ்வை நினைவூட்டி, கதையை நகர்த்தி, நாளைய ஆவலையும் தூண்ட வேண்டும். வசனம் சொல்லாததை நிழலும் பார்வையும் சொல்லியாக வேண்டிய நிலை.

அவருக்குப் பின்

1970-இல் ஒரு கதை பாதியில் நிற்கும்போதே ஹோல்டவே மறைந்தார். ஸ்பெயின் ஓவியர் என்ரிக் ரொமேரோ அதைத் தொடர்ந்தார். பின்னர் ஜான் பர்ன்ஸ், பேட்ரிக் ரைட், நெவில் கால்வின் ஆகியோர் வரைந்தனர். 1986-இல் திரும்பிய ரொமேரோ, 2001-இல் தொடர் நிறைவடையும் வரை வரைந்தார்.

ஓவியர்கள் மாறினாலும் எழுத்தாளர் மாறவில்லை. ஆகவே, வெவ்வேறு காலத்து மாடஸ்டி கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாசகர், ஒரே நாயகி ஓவியருக்கு ஓவியர் எப்படி மாறுகிறாள் என்பதை எளிதில் உணரலாம்.