ஒரு நாள் தாமதம், ஓராண்டுக் காத்திருப்பு

காவிரிக்கரை அரசுகள் – 12

முக்கொம்பு மதகுப் பாலத்தில் நின்று கிழக்கே பாருங்கள். இடப்பக்கம் கொள்ளிடம், வலப்பக்கம் காவிரி. நடுவில் தலைகாட்டும் நிலம்தான் கிழக்கே போகப்போகத் திருவரங்கத் தீவாகிறது. கோடையில் இங்கே கண்ணுக்கெட்டிய வரை மணல். ஆடியில் மேட்டூர் திறந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை இது. 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு, கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆறு யாருடைய ஆணைக்கும் கட்டுப்பட்டதில்லை.

அதை நன்றாக அறிந்தவர் மதுரை நாயக்க அரசின் ராணி மங்கம்மாள். மகன் முத்துவீரப்பர் 1689இல் அம்மை நோயில் இறந்தார். அதன்பின் பிறந்த பேரன் விஜயரங்கனுக்காக, திருச்சியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆட்சியைத் தாங்கினார் மங்கம்மாள். அப்போது மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை எழுப்பினார். கீழே வயல்கள் காய்ந்தன. தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று மங்கம்மாள் சும்மா இருந்துவிடவில்லை. தம்முடன் போரிட்ட தஞ்சை மன்னர் ஷாஜியோடு கைகோத்துப் படை திரட்டினார். படை புறப்படும் முன்பே மேற்கே பெருமழை கொட்டியது, அணை உடைந்தது, தண்ணீர் வந்தது. செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு வந்த மழை அது. கோயில்களுக்குக் கொடுத்த அதே கையால் திருச்சி நத்தர்வலி தர்காவுக்கும் மானியம் கொடுத்தவர் அவர். சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார்.

பேரனின் பக்தி வேறு வகை. திருவரங்கத்தில் கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவு நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுவார்கள், கைசிக புராணம் படிப்பார்கள். விடிந்தால் துவாதசி. பச்சைக் கற்பூரப் பொடி தூவ, பெருமாள் படியேறி உள்ளே போவார். ஒருமுறை அந்தச் சேவைக்கு விஜயரங்க சொக்கநாதர் ஒரு நாள் தாமதமாக வந்தாராம். 'எனக்காக இன்னொரு முறை நடத்துங்கள்' என்று கேட்டாராம். 'அரங்கனுக்கு அடுத்த கைசிகம் அடுத்த ஆண்டுதான்' என்றார்களாம் கோயிலார். மன்னர் கோபிக்கவில்லை, ஓராண்டு அங்கேயே தங்கிச் சேவித்துவிட்டுத்தான் கிளம்பினார் என்பது கோயில் வழக்குச் செய்தி. இன்றும் அங்கே குடும்பத்தோடு ஆளுயரச் சிலையாக, கைகூப்பி நிற்கிறார்.

அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். படையும் கோட்டையும் உள்ளவர் தம் நேரத்தை இறைவனின் நேரத்துக்குக் கீழே வைத்தார். அதிகாரத்தில் இருப்பவர் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

ஆனால் பாடம் அதோடு முடியவில்லை. அவர் ஓராண்டு காத்திருந்து கேட்ட கைசிக புராணக் கதை என்ன? திருக்குறுங்குடி நம்பியைப் பாடப் போன நம்பாடுவானை ஒரு பிரம்மராட்சசன் மறிக்கிறான். 'பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு என்னைத் தின்னலாம்' என்று வாக்குக் கொடுக்கிறான் அந்தப் பாணன். பாடுகிறான். பாடி முடித்ததும் சன்னிதியில் ஒளிந்துகொள்ளவில்லை. வாக்கைக் காக்க ராட்சசனைத் தேடித் திரும்புகிறான்.

விஜயரங்கர் அந்தப் பாதியைக் கைக்கொள்ளவில்லை என்றே வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கோயில் கோயிலாக யாத்திரை போனார். நாட்டுப் பொறுப்பு தளவாய், பிரதானிகள் கையில் கிடந்தது. 1732இல் வாரிசின்றி மறைந்தார். சில ஆண்டுகளில் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபிடம் நாடே போயிற்று.

தெய்வத்தை நம்பும் தலைவர் சன்னிதிக்கு எத்தனை முறை போனார் என்று நான் கணக்கெடுக்க மாட்டேன். கும்பிட்ட கையோடு, காய்ந்த வயலைப் பார்க்கத் திரும்பி வந்தாரா என்றுதான் கேட்பேன். பாட்டிக்கு அது தெரிந்திருந்தது. நம்பாடுவானுக்கும் தெரிந்திருந்தது.

(தொடரும்)