உஷார்! அந்த சலைன் பாட்டிலை எப்போது திறந்தார்கள்?

ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதில்லை, செலவும் தாங்கவில்லை. "மீதி ஊசியை ஊரிலேயே போட்டுக்குங்க" என்று சீட்டெழுதிக் கொடுக்கிறார்கள். கையில் வென்ஃப்ளானோடு, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகிய குழாயோடு, வாணியம்பாடி பஸ் ஏறுகிறார் நோயாளி. முறைப்படி நடந்தால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டு தெருமுனை கிளினிக்குக்குப் போகும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

காரணம், இந்த ஊரிலேயே நடந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை திருப்பத்தூர் மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று வந்தது. அதில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்தில் 8 பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆரும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் துருவிப் பார்த்ததில் சந்தேகம் சலைன் பாட்டிலில் போய் நின்றது. ஈறைப் பிரிக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, பஞ்சால் அரைகுறையாக மூடி, அடுத்தடுத்த ஆளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். 2025-ல் இது லான்செட் குழும இதழில் வெளிவந்தது.

அது வாயைக் கழுவிய தண்ணீர். நரம்பில் ஏற்றுவது நேரே ரத்தத்தில் கலக்கும். உப்புத்தண்ணீர்தானே என்று நினைக்காதீர்கள். கிருமியைக் கொல்லும் எதுவும் சலைனில் கிடையாது. ரப்பர் மூடியில் ஊசி குத்தியபடியே நாள் முழுக்க நிற்கும் பாட்டிலைப் பார்த்திருப்பீர்களே? மருந்து கலக்கவும் வென்ஃப்ளானைக் கழுவவும் எல்லாருக்கும் அதிலிருந்தே உறிஞ்சினால், அதுதான் ஆபத்து.

இன்னொரு கொடுமை: காய்ச்சல் என்றதும் குத்தும் செஃப்ட்ரியாக்சோனை மெலியாய்டோசிஸுக்கு நம்ப முடியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் வேண்டும். குறைந்தது இரண்டு வாரம், மூளையைத் தொட்டுவிட்டால் எட்டு வாரம், எல்லாம் நரம்பு வழியே. பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை.

ஆகவே ஊரில் ஊசி போட்டுக்கொள்வதானால் கவனமாக இருங்கள். முதல் டோஸை வீட்டில் போட விடாதீர்கள். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அங்கே ஆளும் இல்லை, மருந்தும் இல்லை. சிரிஞ்சும் சலைனும் உங்கள் கண்முன்னே பிரிக்கப்படட்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஊசி இடம் சிவந்தாலோ, மருந்து ஏறும்போது குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே நிறுத்தச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் பிடுங்கிய பிறகோ ஊசி போட்ட பிறகோ காய்ச்சல், தலைவலி, முகம் ஒருபக்கம் கோணுவது எது வந்தாலும், எங்கே என்ன சிகிச்சை எடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.