பழைய மினியும் புதிய மினியும்

சூயஸ் கால்வாய் நெருக்கடியால் 1956ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு வந்தது. குறைந்த எண்ணெயில் நால்வரைச் சுமக்கும் மோட்டார் வண்டி வேண்டப்பட்டது. பொறியியலார் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959இல் விற்பனைக்கு வந்தது. இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, பற்சக்கரப் பெட்டியை அதன் அடியில் அடக்கி, முன் சக்கரங்களையே இயங்கச் செய்தார் அவர். அதனால், ஏறத்தாழ 3 மீட்டர் நீளமே உடைய வண்டியில் பெரும்பகுதி பயணிகளுக்கே கிடைத்தது. 2000 வரை 50 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பெற்றன.

2001இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் புதிய மினியை வெளியிட்டது. இயந்திரம் முன்போலவே குறுக்காக அமைந்தது. ஆயினும் நீளம் 3.6 மீட்டராயிற்று. பழையது ஏறத்தாழ 600 கிலோ. புதியதோ 1,000 கிலோவையும் கடந்தது. கூடிய நீளமெல்லாம் இருக்கைக்குச் செல்லவில்லை. மோதும்போது முன்பகுதி நசுங்கித் தாக்குதலைத் தான் ஏற்கவும், காற்றுப்பைகள் விரிந்து தலையையும் மார்பையும் காக்கவும் இடமும் எடையும் தேவை. 1959இன் மினியில் இவ்வமைப்புகள் இல்லை.

பழையது எண்ணெயையும் இடத்தையும் சிக்கனப்படுத்தியது; புதியது உயிர்க்காப்பிற்காக அச்சிக்கனத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது. ஆகவே, எது சிறந்தது என மாணவரை வினவுவதினும், எத்தேவைக்கு எது விடையாயிற்று என வினவுவதே ஆசிரியர்க்கு ஏற்ற முறையாம்.