அச்சாணி முறிந்தால்: மண்வாரி இயந்திரத்தின் வளைந்த இரும்பைச் செப்பனிடும் முறை

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. தேருக்குச் சொன்ன இம்மொழி, இன்று நம் தோட்டங்களில் கான் வெட்டும் மண்வாரி இயந்திரத்திற்கும் பொருந்துகின்றது. அவ்வியந்திரத்தின் கையையும் மண்வாளியையும் இணைத்து நிற்பது ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள உருக்கு அச்சாணியே. பட்டறையில் இதனைப் ‘பின்’ என்பார்கள். அது முறியும்போது வேலை நிற்பதோடு, அதனைத் தாங்கிய இரும்பும் வளைகின்றது. அருகில் நிற்பவரின் உயிருக்கும் ஆபத்து நேர்கின்றது. ஆதலின், அச்சாணி ஏன் முறிகின்றது, வளைந்த இரும்பை நேராக்குவது எவ்வாறு, எந்நிலையில் அவ்வேலையில் இறங்கவே கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நீர் வடிந்தால்தான் பால் வடியும்

கோல சிலாங்கூரிலும், அதற்கு வடக்கே சபாக் பெர்ணம் வரையிலும் உள்ள கடலோர நிலம் தாழ்வானது. களிமண்ணும் சதுப்பு மண்ணும் மிகுந்தது. நெடுநாள் நீர் தேங்கி நிற்பதை ரப்பர் மரத்தின் வேர் தாங்காது. எனவே, தோட்டங்கள் தோன்றிய காலத்திலேயே கான் வெட்டும் வேலையும் தோன்றிவிட்டது. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி, 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரின் அருகே தென்னமரம் தோட்டம் உள்ளது. இந்நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917-ஆம் ஆண்டில் அத்தோட்டத்தில்தான். அதன் பின்னர் இவ்வட்டாரத்தின் ரப்பர்க் காடுகள் பல செம்பனைக்கு மாறின. பயிர் மாறினும் கானின் தேவை மாறவில்லை.

அன்று மண்வெட்டியால் செய்த வேலையை இன்று இயந்திரம் செய்கின்றது. முன்புறம் மண் அள்ளும் தட்டும் பின்புறம் மண் தோண்டும் கையும் கொண்ட இயந்திரத்தை, இங்கிலாந்தின் ஜே.சி.பி. நிறுவனம் 1953-ஆம் ஆண்டில் உருவாக்கியது. இவ்வகை இயந்திரத்தின் கைக்கு நேரே இழுக்கும் வலிமை மிகுதி. பக்கவாட்டில் முறுக்கினால் அது எளிதில் பழுதுறும். நம் சதுப்பு மண்ணிலோ பழைய மரக்கட்டைகளும் வேர்க்கட்டைகளும் புதைந்து கிடக்கின்றன. ஓட்டுநர் வாளியின் பல்லைக் கட்டையில் மாட்டிப் பக்கவாட்டில் நெம்பும்போது, அம்முறுக்கு விசை முழுவதும் அச்சாணியின் மீது இறங்குகின்றது.

அச்சாணி ஏன் முறிகின்றது?

மண்வாளியின் மேற்புறத்தில் இரண்டு தடித்த இரும்புத் தகடுகள் எதிரெதிராக நிற்கும். இவற்றைக் ‘காது’ என்போம். இவ்விரு காதுகளின் துளைகளிலும் நுழைந்து நிற்பதே அச்சாணி. இருவர் தோள் கொடுத்து, நடுவில் சுமை தொங்கும் கம்பைத் தூக்கிச் செல்வதாக எண்ணிப் பாருங்கள். ஒருவர் தோளை விலக்கிக்கொண்டால் என்ன ஆகும்? முழுச் சுமையும் மற்றவர் மீது சாயும். அச்சாணியைப் பூட்டி வைக்கும் சிறு திருகாணி கழன்று விழுந்தால் இதுவே நிகழ்கின்றது. அச்சாணி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, ஒரு காதை விட்டு வெளியேறுகின்றது. எஞ்சிய காது வளைகின்றது, அச்சாணி முறிகின்றது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மையானஸ் ஆற்றின் மீதமைந்த நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு பகுதி 1983-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் பின்னிரவில் இடிந்து விழுந்தது. மூவர் மாண்டனர். அப்பாலத்தின் ஒரு மூலையை இரண்டு இரும்புத் தகடுகளும் அவற்றின் ஊடே செல்லும் அச்சாணியும் தாங்கி நின்றன. துரு பெருகி ஒரு தகட்டை அச்சாணியின் முனையிலிருந்து தள்ளிவிட்டது. முழுப் பாரமும் மற்றத் தகட்டின் மீது விழுந்தது. பெரிய பாலத்திற்கு நேர்ந்ததே நம் மண்வாளிக்கும் நேர்கின்றது.

தேய்மானம் மற்றொரு காரணமாகும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள அச்சாணி தேய்ந்து 45 மில்லிமீட்டர் ஆகிவிட்டால், பத்தில் ஒரு பங்குதானே குறைந்தது எனப் பலர் எண்ணுவர். உண்மையில், வளைவைத் தாங்கும் அதன் வலிமை கால் பங்கிற்கும் மேலாகக் குறைந்துவிடுகின்றது. உரிய காலத்தில் கிரீஸ் இடாததே தேய்மானத்தின் முதற்காரணம்.

கைவைக்கும் முன்

முதலாவதாக, வாளியைத் தரையில் படிய இறக்கி, இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பின்னர் நெம்புகோல்களை அசைத்து, எண்ணெய்க் குழாய்களில் தங்கிய அழுத்தத்தை நீக்க வேண்டும். கையின் அடியில் உறுதியான மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் மட்டுமே தாங்கி நிற்கும் கையின் கீழ் எவரும் நுழையலாகாது.

முறிந்த அச்சாணித் துண்டை வெளியேற்றும்போது, அதன்மேல் நேரே உருக்குச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. அச்சாணியின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது. அதிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடும். இடையில் பித்தளைக் கட்டையை வைத்து அடிக்க வேண்டும். கண்ணாடியும் அணிந்திருக்க வேண்டும். துளைகள் நேராக உள்ளனவா என விரலை விட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. வாளி ஓர் அங்குலம் அசைந்தால் போதும், விரல் துண்டாகும்.

இரும்பும் களைப்படையும்

பால் கோப்பையைத் தாங்கும் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்துப் பாருங்கள். அவ்விடம் சூடேறும், பின்னர் இறுகும், இறுதியில் முறியும். வளைந்த காதைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவதும் அத்தகையதே. தோற்றம் நேராகும், உள்ளே வலிமை குன்றியிருக்கும்.

எனவே, நிமிர்த்தும் முன் வெடிப்பு உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். இதற்குப் பழைய ரயில்வே பட்டறைகளில் கையாண்ட எளிய முறையொன்று உண்டு. காதில் உள்ள சேற்றையும் கிரீஸையும் நீக்கி, மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விட வேண்டும். பின்னர் நன்கு துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைப் பூசி, மெல்லத் தட்ட வேண்டும். வெடிப்பு இருப்பின், அதனுள் தங்கிய மண்ணெண்ணெய் கசிந்து வெண்தூளின் மீது கருங்கோடாகத் தெரியும். சோதனை முடிந்ததும் எண்ணெயை முற்றிலும் நீக்கிய பின்னரே அருகில் தீயைக் கொண்டுவர வேண்டும்.

நேராக்கும் முறை

சாதாரண இரும்பில் சிறு வளைவாயின், இரு காதுகளுக்கும் இடையே ஜாக்கியை வைத்துச் சிறிது சிறிதாகத் தள்ளி நேராக்கலாம். வளைவு பெரிதாயின் சூடேற்ற வேண்டும். ஆனால், வெப்பம் 650 பாகை செல்சியசைக் கடக்கலாகாது. நிழலில் பார்க்கும்போது மங்கிய செந்நிறம் தோன்றுவதே எல்லை. குறித்த வெப்பத்தில் உருகும் கிரையானைக் கொண்டு அளப்பது இன்னும் நன்று. சூடான இரும்பின் மீது நீர் ஊற்றக் கூடாது. அவ்வாறு செய்தால் சில வகை உருக்கு கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையை அடையும். காற்றில் தானே ஆற விட வேண்டும்.

வெடிப்பு இருந்தால், அதன் முனையில் சிறு துளையிட்டு அது மேலும் பரவாமல் தடுக்க வேண்டும். பின்னர் வெடிப்பை அடிவரை அரைத்து நீக்கி, பற்றவைக்க வேண்டும். இவ்வேலைக்குரிய 7018 வகை வெல்டிங் குச்சியை உலர்வான சூட்டுப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்; நான்கு மணி நேரத்திற்கு மேல் வெளிக்காற்றில் கிடந்த குச்சியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. நம் நாட்டுக் காற்றின் ஈரம் குச்சியில் ஏறினால், பற்றவைத்த இடம் அன்று நன்றாகத் தோன்றி, மறுநாள் வெடிக்கும்.

பற்றவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, தரை இணைப்பை வேலை நடக்கும் இடத்தின் அருகிலேயே மாட்ட வேண்டும். எண்ணெய்க் குழாய்களை மூடிக் காக்க வேண்டும். இரு காதுகளின் துளைகளிலும் ஒரே அளவுள்ள நேர்த் தண்டைச் செருகி, இடையே தாங்கு கட்டை வைத்து வேலை செய்தால், ஆறும்போது இரும்பு சுருங்கிக் காது கோணலாவதைத் தடுக்கலாம். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், அதனை நிரப்பிக் கடைந்து, புதிய புஷ் பொருத்த வேண்டும். கோணலான துளையில் புதிய அச்சாணியைச் செருகினால் அதுவும் விரைவில் முறியும்.

செய்யத் தகாதவை

அவசரத்திற்குக் கட்டடக் கம்பியை வெட்டி அச்சாணியாகச் செருகுவது பெருந்தவறு. அது மென்மையானது, அளவிலும் பொருந்தாது. முறிந்த அச்சாணியைப் பற்றவைத்து மீண்டும் பயன்படுத்துவதும் தவறு. வெடிப்பு துளையைச் சுற்றிப் பரவியிருந்தாலும், காது உயர்வலிமை உருக்கால் ஆனதாக இருந்தாலும், தோட்டத்துப் பட்டறையில் கைவைக்காமல் தேர்ந்த பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

கானுக்குள் நிற்பவர்

இவை அனைத்தும் ஓட்டுநருக்கும் பட்டறைக்காரருக்கும் உரியவை என எண்ண வேண்டா. இயந்திரம் தோண்டும்போது, கானின் மூலைகளை மண்வெட்டியால் சீர்செய்ய ஒருவர் உள்ளே இறங்கி நிற்பதுண்டு. அச்சாணி முறிந்தால் வாளி விழுவது அவர் மீதுதான். கை எட்டும் வட்டத்திற்குள், இயந்திரம் இயங்கும்போது எவரும் நிற்கக் கூடாது. இன்று ஓட்டுநர் வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். எனவே, ‘நிறுத்து’ என்பதற்கு எல்லாருக்கும் விளங்கும் கைச்சைகை ஒன்றைக் காலையிலேயே முடிவு செய்துகொள்வது நலம்.

1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து உள்ளதென நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையை அது வழங்குகின்றது. அவ்வாறு விலகியதற்காக அவரைப் பாதிப்புக்குள்ளாக்கக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகின்றது.

காலையில் பிரட்டுக் களம் கலைந்ததும், இயந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். பூட்டுத் திருகாணி இருக்கின்றதா? அச்சாணி இரு காதுகளிலும் சமமாக நிற்கின்றதா? புதிய கிரீஸ் வெளியே தெரிகின்றதா? இம்மூன்று கேள்விகளுக்கும் ஐந்து நிமிடம் போதும். வளைந்த இரும்பை நேராக்க ஒரு நாளாகும். நசுங்கிய கால் நேராவதற்கோ வழியில்லாமலும் போகலாம்.