பித்தளைப் பாத்திரமும் பிள்ளையின் ஈரலும்

நம் பாட்டிமார் காலத்து அடுக்களைகளில் பித்தளைப் பாத்திரங்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. புளியிட்டுத் துலக்கிப் பொன்போல் மின்ன வைத்த குடங்களும் குண்டான்களும் சீர்வரிசையாய் வந்து, தலைமுறை தலைமுறையாய்ப் புழங்கின. அக்காலத்தில் பல இல்லங்களை ஒரு பெருந்துயரமும் வாட்டியது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தை ஓயாமல் சிணுங்கும், உணவை வெறுக்கும், வயிறு உப்பும், விலாவின் கீழே ஈரல் கல்போல் தட்டுப்படும். பின்னர் காமாலை கண்டு, சில மாதங்களில் உயிர் பிரியும். ஈரல் குலைக்கட்டி என்று தாய்மார் அஞ்சி நடுங்கிய நோய் இது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த பிள்ளைகளையும் இது பறித்ததுண்டு.

1887-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்நோய் மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. எனினும் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அதன் காரணம் விளங்கவில்லை. பிறகு ஆங்கில மருத்துவர் டானரும் பூனா நகர மருத்துவர்களும் நோயுற்ற குழந்தைகளின் ஈரலை ஆராய்ந்தனர். உலர்ந்த ஈரலில் கிராம் ஒன்றுக்கு 50 மைக்ரோகிராம் வரை செம்பு இருப்பது இயல்பு. இக்குழந்தைகளிடமோ அது 800-க்கும் மேலாக இருந்தது. 1983-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர்கள் பித்தளைப் பாத்திரத்துப் பாலையே சுட்டிக் காட்டினர்.

அது எவ்வாறு நிகழ்கிறது? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதில் வைத்த தண்ணீர் சிறிதளவு செம்பையே ஏற்கும். பாலில் உள்ள கேசின் என்னும் புரதமோ செம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். ஈயப்பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி, அதிலேயே நெடுநேரம் வைத்திருந்தால் செம்பு மேலும் மேலும் சேரும். பெரியவர்களின் ஈரல் மிகுதியான செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். பச்சிளங் குழந்தைக்கு அவ்வாற்றல் முதிர்ந்திருப்பதில்லை. தேங்கிய செம்பு ஈரல் அணுக்களைச் சிதைக்க, அவ்விடத்தில் தழும்பு படர்ந்து ஈரல் இறுகுகிறது.

இத்துன்பம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 1900-க்கும் 1974-க்கும் இடையே 138 குழந்தைகள் இதையொத்த நோயால் மாண்டனர். அங்கும் செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கம் மறைந்ததும் நோயும் மறைந்தது.

அத்தகைய பாலைக் குடித்த எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லை. பரம்பரைக் கூறும் இதில் சேர்ந்திருக்கலாம் என்பது மருத்துவர் கருத்து. ஆகவே, அறியாமல் அன்போடு பால் புகட்டிய எந்தத் தாயின்மீதும் பழி சுமத்துவது அநீதி.

எவர்சில்வர் பரவிய பின் இந்நோய் அரிதாகிவிட்டது. தொடக்கத்திலேயே கண்டால், செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்தால் பலரைக் காக்கவும் முடிகிறது. எனினும், பழமையின் பெயரால் செம்பும் பித்தளையும் இன்று மீண்டும் கடைகளில் விற்பனையாகின்றன. நாம் செய்ய வேண்டியவை எளியவை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும். அதில் செம்பு மிகக் குறைவு. பிறகு கொடுக்கும் பாலை எவர்சில்வர் பாத்திரத்திலேயே காய்ச்சுவோம். தயிர், புளி, எலுமிச்சை ஆகியவற்றையும் ஈயம் பூசாத பித்தளையில் வைக்காதிருப்போம். பாட்டியின் பாத்திரத்தைப் போற்றிப் பாதுகாப்போம். பிள்ளையின் பாலை மட்டும் அதில் ஊற்றாதிருப்போம்.